மலையகத்துக்கு புது ஸ்போர்ட்ஸ் கார் எடுக்கப் போறீங்களா? எந்த ஆப்ஷன வெட்டணும், எத விடவே கூடாது: முழு வழிகாட்டி

இலங்கைல 2020 மார்ச்ல இருந்து மூடிக் கெடந்த வாகன இறக்குமதிய 2025 பெப்ரவரில திரும்ப தொறந்தாங்க இல்லையா, அந்த வாரமே தலவாக்கலைல இருக்க என் மச்சான் ராத்திரி பதினொரு மணிக்கு எனக்கு ஒரு லிஸ்ட் அனுப்புனான். ஜப்பான்ல இருந்து ப்ராண்ட் நியூ மஸ்டா ரோட்ஸ்டர் எறக்கப் போறானாம், பத்து வருஷமா சேத்த காசு. லிஸ்ட்ட பாத்தா லெதர் சீட், பெரிய அலோய் வீல், பெரிய ஸ்பீக்கர் செட், நெவிகேஷன், சுத்தி வர ஏரோ கிட்னு இருக்குற எல்லாத்துக்கும் டிக் போட்டிருக்கான். மூணு ஞாயிற்றுக்கெழம ரெண்டு பேரும் ஒக்காந்து அந்த லிஸ்ட்ட பாதிக்கு மேல வெட்டுனோம். எத வெட்டுனோம், எத விட்டோம், ஏன்னு அப்படியே எழுதுறேன், ரோட்ஸ்டர் தான்னு இல்ல, டொயோட்டா ஜிஆர்86 எடுக்குறவங்களுக்கும், வசதி இருந்து போர்ஷ பக்கம் போறவங்களுக்கும் கணக்கு ஒன்னு தான்.

முதல் படி: காருக்கு முன்னாடி ரோட்ட எழுதுங்க

ஒரு பேப்பர்ல ஒரு வாரம் நீங்க ஓடுற ரோட்ட எழுதுங்க. மச்சானோடது இப்படி இருந்துச்சு: தினமும் தலவாக்கலை ஹட்டன், கெழமைக்கு ஒரு தரம் நானுஓயா வழியா நுவரெலியா, மாசத்துக்கு ஒரு தரம் கினிகத்தேனை அவிசாவளை வழியா கொழும்பு, வீட்டுக்கு திரும்புற கடைசி ஒரு கிலோமீட்டர் தோட்டத்து ரோடு. இதுல நேரா அடிச்சு ஓடுற ரோடுன்னு ஒன்னுமே இல்ல. ஊருக்கு வெளிய காருக்கு வேக எல்லை 70, டவுனுக்குள்ள 50, ஹைவேல ஏறுனா கூட 100 தான். ஆக 200க்கு மேல ஓடுறதுக்குன்னு விக்கிற எந்த ஆப்ஷனும், பெரிய விங்ல இருந்து பெரிய இஞ்சின் வரைக்கும், இந்த பேப்பர்ல இருக்க ரோட்டுக்கு வேலையே செய்யாது. வேலை செய்யப்போறது ஸ்டியரிங், ப்ரேக், டயர், ரெண்டாவது மூணாவது கியர், இவ்வளவு தான்.

இன்னொரு விஷயத்தையும் இங்கயே பாத்துருங்க. நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்துல இருக்கு. டர்போ இல்லாத இஞ்சின் ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் ஏறக்குறைய பத்து வீதம் பவர எழக்கும், காத்து மெலிசா இருக்கறதால. கீழ 130 குதிரை குடுக்குற இஞ்சின் மேல வந்தா 106 பக்கத்துல தான் நிக்கும். டர்போ இஞ்சின் அந்த அளவுக்கு எழக்காது. அப்ப பெரிய இஞ்சின் தானே எடுக்கணும்னு மச்சான் கேட்டான். இல்ல, எடைய கொறைங்கன்னேன். 2015ல வந்த ரோட்ஸ்டர்ல இருக்குறதுலயே கீழ் ரகம், அதாவது அடி கிரேட், பேரு எஸ் கிரேட், அதுல கையால மாத்துற கியர் வண்டி வெறும் 990 கிலோ. கூரைய விட்டு, சீட்ட விட்டு, சக்கரத்த விட்டு கழட்டுற ஒவ்வொரு கிலோவும் ரம்பொடை ஏத்தத்துல ஒங்க கையில திரும்ப வந்துரும். அதோட இங்க எக்சைஸ் வரி சிசி கணக்குல போடுறதால பெரிய இஞ்சின் தான் இருக்குறதுலயே வெலை கூடின ஆப்ஷன்.

ரெண்டாவது படி: ஆப்ஷன் வெலைய ஜப்பான் வெலையா பாக்காதீங்க

இத நெறைய பேரு யோசிக்கிறதே இல்ல. ஃபெக்டரில போடுற ஆப்ஷன் எல்லாம் காரோட சிஐஎஃப் பெறுமதிக்குள்ள (கார் வெலை, இன்ஷூரன்ஸ், கப்பல் கூலி மூணும் சேந்தது) போயிரும், அதுக்கு மேல தான் கஸ்டம்ஸ் வரி, அதுக்கு மேல 18 வீதம் வற். 2025ல இறக்குமதி தொறந்தப்ப வந்த கணக்குப்படி பெட்ரோல் காரோட சிஐஎஃப் 50 இலட்சத்த தாண்டுனா தாண்டுற பகுதிக்கு 100 வீதம் லக்ஸரி டாக்ஸ் வேற. ஸ்போர்ட்ஸ் கார்னா அந்த கோட்ட தொடுறதோ தாண்டுறதோ சாதாரணம். கோட்டுக்கு மேல போன அப்புறம் நீங்க சேக்குற 5 இலட்சத்து லெதர் பேக்கேஜ் லக்ஸரி டாக்ஸ் மட்டும் சேந்தே 10 இலட்சம், மத்த வரி எல்லாம் வந்தா அதையும் தாண்டி நிக்கும். மச்சான் கல்குலேட்டர்ல இத அடிச்சு பாத்துட்டு கொஞ்ச நேரம் பேசவே இல்ல.

வரி வீதம் கெசட் வர வர மாறும், அதனால ஓடர் குடுக்குற வாரத்துல இருக்க வீதத்த ஏஜென்ட்கிட்ட எழுத்துல வாங்குங்க. ஒரே கார ரெண்டு விதமா கணக்கு போட்டு கேளுங்க, ஆப்ஷன் இல்லாம ஒன்னு, ஒங்க லிஸ்ட்டோட ஒன்னு. ரெண்டு தொகைக்கும் நடுவுல இருக்க வித்தியாசம் தான் உண்மையான ஆப்ஷன் வெலை.

மூணாவது படி: லிஸ்ட்ட ரெண்டா கிழிங்க

ஒவ்வொரு ஆப்ஷன்கிட்டயும் ஒரே கேள்வி கேளுங்க: இத பொறகு இங்க போட முடியுமா? முடியும்னா இப்ப வேணாம். ஸ்பீக்கர், ஃப்ளோர் மெட், ரிவர்ஸ் கெமரா, டேஷ் கெமரா, வீல், சீட் கவர் எல்லாம் கண்டிலயோ கொழும்புலயோ பொறகு போட்டுக்கலாம், அது காரோட சிஐஎஃப்ல சேராது, ஆறு மாசம் ஓட்டி பாத்துட்டு உண்மையிலேயே வேணுமான்னு தெரிஞ்சு போடலாம். முடியாதது, இல்லாட்டி லேசுல முடியாதது இஞ்சின், கியர்பொக்ஸ், டிஃப்ரன்ஷியல் (இஞ்சின் இழுவைய ரெண்டு சக்கரத்துக்கும் பிரிச்சு குடுக்குற பொட்டி), பெரிய ப்ரேக், சஸ்பென்ஷன், பின் கண்ணாடி ஹீட்டர், லைட் யூனிட். காசு இருந்தா இந்த பக்கத்துல தான் போகணும்.

இதுல ஒன்னு வெளங்கிக்கணும், தேவையில்லாதத வெட்டி மினிமலா எடுக்குறதுன்னா அடி கிரேட்னு அர்த்தம் இல்ல. போர்ஷ 2017ல 911 கரேரா டி வெளியிட்டாங்க, மெல்லிசான கண்ணாடி, சத்தம் தடுக்குற பஞ்சு கொறவு, கதவுக்குள்ள கைப்பிடிக்கு பதிலா துணி நாடா, ஆனா வெலை சாதாரண கரேராவ விட கூட, ஏன்னா கழட்டுன எடத்துல டிஃப்ரன்ஷியல் லொக் மாதிரி ஓட்டத்துக்கு தேவையானத போட்டிருந்தாங்க. மஸ்டாவும் 990எஸ்னு ஒன்னு விட்டாங்க, எஸ் கிரேட்டுக்கு லேசான ஃபோர்ஜ்ட் வீல், முன்னுக்கு ப்ரெம்போ ப்ரேக். தயாரிக்குறவனே காசு எங்க போகணும்னு காட்டிட்டான்.

நாலாவது படி: எல்எஸ்டி, இதுல மட்டும் சமரசம் வேணாம்

லிமிட்டட் ஸ்லிப் டிஃப்ரன்ஷியல். நான் இந்த வழிகாட்டி எழுதுறதுக்கே பாதி காரணம் இது தான், ஏன்னா லிஸ்ட்ல இது ஒரு சின்ன வரியா கெடக்கும், பக்கத்துல லெதர் சீட்டுக்கு பெரிய படம் போட்டிருப்பாங்க.

மழைல கொண்டை ஊசி வளைவுல ரெண்டாவது கியர்ல ஏறுறீங்கன்னு வைங்க. கார் வெளிப்பக்கம் சாயுது, உள்பக்க பின் சக்கரத்துல பாரம் கொறையுது. சாதாரண டிஃப்ரன்ஷியல் ரெண்டு சக்கரத்துக்கும் ஒரே அளவு இழுவை தான் குடுக்கும், அதாவது பிடிப்பில்லாத சக்கரம் எவ்வளவு தாங்குதோ அவ்வளவு தான் பிடிப்பு இருக்க சக்கரத்துக்கும். உள் சக்கரம் சும்மா சுத்தும், டிராக்ஷன் கொன்ட்ரோல் லைட் மினுங்கும், இஞ்சின் பவர வெட்டும், பின்னால வர்ற பஸ் ஹோர்ன் அடிக்கும், கார் தவழும். எல்எஸ்டி இருந்தா சுத்துற சக்கரத்துல இருந்து வேலைய எடுத்து பிடிப்பு இருக்க வெளி சக்கரத்துக்கு தள்ளும், கார் அமைதியா ஏறி போயிரும். தேயிலை லொறில இருந்து சிந்துற மண்ணு, யூகலிப்டஸ் எல, பனி நனைச்ச தார், இதெல்லாம் நம்ம வளைவுல வருஷம் பூரா இருக்கு. இங்க எல்எஸ்டி ரேஸ் ஓடுறவனுக்கான சாமான் இல்ல, பால் வாங்க போறவனுக்கும் தேவை.

ரோட்ஸ்டர்ல அடி எஸ் கிரேட்டுக்கு எல்எஸ்டி கெடையாது, பின்னுக்கு ஸ்டெபிலைசர் பாரும் (வளைவுல சாய்வ கொறைக்கிற கம்பி) கெடையாது. அதுக்கு மேல இருக்க எஸ் ஸ்பெஷல் பேக்கேஜ் கியர் வண்டியில ரெண்டும் வந்துரும். மச்சான் மேல ஏறுன ஒரே படி இது தான். பொறகு போடலாமேன்னு சொல்லுவாங்க, போடலாம், ஆனா பின் டிஃப்ரன்ஷியல கழட்டி பிரிச்சு பல் இடைவெளி சரியா வச்சு திரும்ப கட்டத் தெரிஞ்ச கை வேணும், புது கார்ல அந்த பரீட்சை வேணாம்.

கியர்பொக்ஸ்? கியர் தான், எனக்கு ரெண்டு யோசனை இல்ல. பழைய ட்ரைவர்மார் சொல்றது ஞாபகம் இருக்கும்ல, ஏறுன கியர்லயே எறங்குன்னு. எறக்கத்துல இஞ்சினே வண்டிய புடிச்சு வைக்கும், ப்ரேக்குக்கு வேலை கொறையும், அடுத்த படி அந்த ப்ரேக் தான்.

அஞ்சாவது படி: ப்ரேக்கும் சக்கரமும்

நுவரெலியால இருந்து ரம்பொடை, புசல்லாவை வழியா கம்பளைக்கு எறங்குறீங்க, அம்பது அறுபது கிலோமீட்டருக்குள்ள 1,300 மீட்டருக்கு மேல கீழ வர்றீங்க. ஆளோட சேத்து 1,100 கிலோ காருன்னா அந்த எறக்கத்துல வெளியேற வேண்டிய சக்தி ஏறக்குறைய நாப்பது லீட்டர் தண்ணிய கொதிக்க வைக்கும். காத்தும் இஞ்சினும் வாங்காத மிச்சம் அத்தனையும் நாலு டிஸ்க்குக்குள்ள தான் போகணும். 1,700 கிலோ காரா இருந்தா அறுபது லீட்டருக்கு மேல. எடை கொறஞ்ச கார் ஏத்தத்துக்கு மட்டும் நல்லதுன்னு நெனைக்காதீங்க, எறக்கத்துல தான் அது உயிர காப்பாத்தும்.

அதுக்காக செரமிக் ப்ரேக் வேணுமா? வேணாம். அது ட்ரெக்ல அதிவேகத்துல இருந்து திரும்பத் திரும்ப அடக்குறதுக்கு செஞ்சது, டிஸ்க்ல கல்லு பட்டு ஒடஞ்சா மாத்துற வெலைய கேட்டா தலை சுத்தும். இரும்பு டிஸ்க்ல பெரிய சைஸ் குடுக்குறாங்கன்னா அத எடுங்க, மிச்சத்த ப்ரேக் ஒயில்ல போடுங்க. டொட் 4 ஒயில் புதுசா இருக்கப்ப கொறஞ்சது 230 பாகை வரைக்கும் கொதிக்காது, ஈரத்த உறிஞ்சிட்டா அந்த எல்லை 155க்கு எறங்கிரும். நம்ம காத்துல ஈரம் எவ்வளவுன்னு சொல்லத் தேவையில்ல. வருஷத்துக்கு ஒரு தரம் மாத்துங்க, எந்த ஆப்ஷன விடவும் மலிவு.

சக்கரத்துல சின்னத எடுங்க. ஜிஆர்86ல 18 இஞ்ச் வீலுக்கு 215/40 டயர், அதாவது அகலம் 215 மில்லிமீட்டர், பக்கச்சுவர் அதுல 40 வீதம், 86 மில்லிமீட்டர். 17 இஞ்ச் வீலுக்கு 215/45, பக்கச்சுவர் 97. அந்த பதினொரு மில்லிமீட்டர் தான் குழில விழறப்ப ரிம்ம காப்பாத்துறது. டித்வா புயலுக்கு பொறகு எத்தன எடத்துல ரோட்ட வெட்டி ஒட்டு போட்டிருக்குன்னு மலையகத்துல இருக்க எல்லாருக்கும் தெரியும், ஒட்டுக்கும் தாருக்கும் நடுவுல இருக்க விளிம்பு மெல்லிய டயர கத்தி மாதிரி கிழிக்கும். டயர் ஓடர் பண்ணி வர எத்தன நாளாகும்னும் முன்னாடியே கடைல கேளுங்க, ரோட்ஸ்டரோட 195/50 ஆர்16 மாதிரி சின்ன சைஸ்னா தேடுறது லேசு.

ஸ்பெயார் வீல் பெரும்பாலான ஸ்போர்ட்ஸ் கார்ல இல்ல, ஒட்டுற திரவமும் சின்ன பம்பும் தான் தருவாங்க. ஆணி குத்துனா அது போதும், பக்கச்சுவர் கிழிஞ்சா ஒன்னுக்கும் ஒதவாது. ஒரு ரிம்மும் டயரும் தனியா வாங்கி வீட்டுல வச்சிருங்க, போன் பண்ணா யாராவது கொண்டு வரலாம்.

ஏரோ கிட், முன் லிப், சைட் ஸ்கர்ட் எதுவும் வேணாம். ஜிஆர்86 தரைல இருந்து 130 மில்லிமீட்டர் தான், அதுக்கும் கீழ லிப் தொங்குனா டவுன் ஸ்பீட் பிரேக்கர்லயே ஒடஞ்சிரும். இதுக்கு எதிர்ப்பக்கம் போர்ஷ எடுக்குறவங்களுக்கு ஒன்னு சொல்லணும், முன் பக்கத்த 40 மில்லிமீட்டர் தூக்குற லிஃப்ட் ஆப்ஷன் இருக்கு, எடை கூடும், வெலை கூடும், ஆனா வீட்டு வாசல் சரிவா இருந்தா அது ஆடம்பரம் இல்ல, இல்லாட்டி கார் வீட்டுக்குள்ளயே வராது. மினிமல்னு சொல்லி தேவையானத வெட்டுறதும் தப்பு தான்.

ஆறாவது படி: ஈரத்த நெனச்சு சீட்டையும் கூரையையும் எடுங்க

நுவரெலியால என் மாமா ஒருத்தர் லெதர் சீட் காரொன்ன ஜூன் மாசம் மூடி வச்சுட்டு கொழும்புக்கு மகள் வீட்டுக்கு போனாரு. ரெண்டு மாசம் கழிச்சு வந்து கதவ தொறந்தா சீட் பூரா வெள்ளை பூஞ்சணம், ஸ்டியரிங் மேலயும் படந்திருந்துச்சு, வாட போக ஒரு மாசம் ஆச்சு. பாவம், அழாத கொறை. துணி சீட்ல பூஞ்சணம் வராதுன்னு சொல்ல மாட்டேன், ஆனா கழுவி வெயில்ல காய வைக்கலாம், லெதர் மாதிரி வெடிக்காது, குளிர்ல ஒடம்புல சில்லுன்னு இருக்காது, வளைவுல வழுக்காது. எடையும் கொறவு.

சன்ரூஃப் வேணாம். கார்ல இருக்குறதுலயே ஒசரமான எடத்துல கண்ணாடியும் மோட்டரும் ஏத்துறது வளைவுல சாய்வ கூட்டும், அதோட தண்ணி எறங்குற சின்ன குழாய் எல அடைச்சா தண்ணி உள்ள கார்ப்பெட்டுக்கு கீழ போயிரும், அங்க போன ஈரம் காயவே காயாது. துணி கூரை ரோட்ஸ்டருக்கு இதே பிரச்சினை உண்டு, மாசத்துக்கு ஒரு தரம் குழாய ஊதி விடுங்க. கெராஜ் இல்லாதவங்க துணி கூரை கார் எடுக்குறத ரெண்டு தரம் யோசிங்க.

ஏழாவது படி: கரண்ட் சாமான்

இத சுருக்கமா முடிக்கிறேன். ஜப்பான் நெவிகேஷன் ஜப்பான் மெப்போட ஜப்பான் பாஷைல வரும், இங்க சுவர் மாதிரி தான். ஜப்பான் ரேடியோ 76ல இருந்து 95 மெகாஹேர்ட்ஸ் வரைக்கும் தான் பிடிக்கும், நம்ம ஸ்டேஷன் 108 வரைக்கும் இருக்கு, பாதி கேக்காது, அதுக்கு தனியா பேண்ட் எக்ஸ்பாண்டர் போடணும். அந்த ரேடியோவுக்கு வெலை கூடின ஸ்பீக்கர் செட் எடுத்து என்ன செய்யிறது. கார் கோட்ட தாண்டாம பாத்துக்குற லேன் அசிஸ்ட் கோடு இருக்க ரோட்டுல வேலை செய்யும், தோட்டத்து ரோட்டுல எங்க கோடு? அதோட அந்த கெமரா முன் கண்ணாடிக்கு பின்னால இருக்கு, கல்லு பட்டு கண்ணாடி மாத்துனா திரும்ப கெலிபரேட் பண்ணணும், அதுக்கு ஹட்டன்ல இருந்து கொழும்புக்கு போகணும். கிரேட்டோட சும்மா வந்தா இருக்கட்டும், காசு குடுத்து கூட்டாதீங்க.

விடக்கூடாதது: பின் கண்ணாடி ஹீட்டர், நல்ல எல்இடி ஹெட்லைட், பின் ஃபொக் லைட், ஒழுங்கா வேலை செய்யிற ஏசி. குளிர் ஊர்ல ஏசி எதுக்குன்னு கேக்குறவங்க இருக்காங்க, ஏசி காத்துல இருக்க ஈரத்த எடுக்கும், ஹீட்டரோட சேத்து போட்டா தான் மூடுபனில கண்ணாடி தெளியும். எடைய கொறைக்கிறேன்னு ஏசி இல்லாத கார் எடுத்துறாதீங்க.

கலர்ல மட்டும் ஒங்க ஆசைக்கு ஒரு எடம் வச்சுக்கோங்க. மஸ்டால அந்த செவப்புக்கும் மெஷின் கிரேக்கும் கூடுதல் காசு. கிரேய பத்தி ஒன்னே ஒன்னு, ஹப்புத்தளை மூடுபனில கிரே கார் கண்ணுக்கே தெரியாது, காணாம போறதுக்கு கூடுதல் காசு குடுக்காதீங்க. மச்சான் செவப்பு எடுத்தான், நான் ஒரு வார்த்த தடுக்கல, அவன் அம்மாவுக்கும் அது தான் புடிச்சிருந்துச்சு.

எட்டாவது படி: வீட்டுல வர்ற பேச்சு

இது எந்த லிஸ்ட்லயும் இல்ல, ஆனா கட்டாயம் வரும். இவ்வளவு காசு போட்டு எடுக்குற, லெதர் கூட இல்லாம எடுக்குறியேன்னு பெரியப்பா கேப்பாரு, ஃபுல் ஆப்ஷன் இல்லாட்டி திரும்ப விக்க ஏலாதுன்னு கூட்டாளி சொல்லுவான். விக்கிற பேச்சுல கொஞ்சம் உண்மை இருக்கு, நம்ம ஊர்ல ஃபேமிலி கார் வாங்குறவங்க ஃபுல் ஆப்ஷன் தான் கேப்பாங்க. ஆனா ரெண்டு சீட் கியர் வண்டிய தேடி வர்றவன் வேற ஆள், அவன் எல்எஸ்டி இருக்கா, அடி பட்டிருக்கா, சேர்விஸ் ரெக்கோர்ட் இருக்கான்னு தான் கேப்பான். மஹகஸ்தோட்டை, ராதெல்ல மலையேற்ற ரேஸ் பாக்க சித்திரை மாசம் கூடுற கூட்டத்துல நின்னு பேசி பாருங்க, சீட் லெதரான்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. பெரியப்பாவ ஒரு தரம் பக்கத்துல ஏத்திக்கிட்டு மெதுவா ஒரு ரவுண்ட் போங்க, வாக்குவாதம் வேணாம்.

ஒம்பதாவது படி: ஓடர் பேப்பர்

பேங்க்ல எல்சி (காசு கட்டுறதுக்கான உறுதிக் கடிதம்) தொறக்க முன்னாடி கிரேட் பேரு முழுசா, கியரா ஓட்டோவா, கலர் கோட், ஃபெக்டரி ஆப்ஷன் ஒவ்வொன்னும் தனித்தனி வரியா எழுத்துல வாங்குங்க. எஸ்னு மட்டும் எழுதியிருந்தா கையெழுத்து வைக்காதீங்க, எஸ்ஸும் எஸ் ஸ்பெஷல் பேக்கேஜும் வேற வேற கார். எனக்கு தெரிஞ்ச ஒருத்தருக்கு வாயால பேசுன ஆப்ஷன் இல்லாத கார் வந்து எறங்குச்சு, பேப்பர்ல இல்லாததால ஒன்னும் செய்ய முடியல. ஸ்டியரிங் வலப்பக்கமா இருக்கணும்ங்கறத ஐரோப்பால இருந்து எடுக்குறவங்க மறக்காதீங்க. பெட்ரோல் எதுன்னும் பாருங்க, ஸ்போர்ட்ஸ் இஞ்சின் நெறைய ஹை ஆக்டேன் தான் கேக்கும், 95 ஊத்தணும், ஒங்க டவுன் ஷெட்ல 95 எப்பவும் இருக்கான்னு விசாரிச்சு வைங்க.

கார் வந்ததும் சந்தோஷத்துல ஓடிராதீங்க, அந்த பேப்பர கையில வச்சுக்கிட்டு வரி வரியா பாருங்க. டயர் சைஸ் சுவர்ல எழுதியிருக்கும். எல்எஸ்டி இருக்கான்னு தெரியாட்டி சாசி நம்பர குடுத்து கிரேட்ட உறுதிப்படுத்துங்க. கூரை ரப்பர், டிக்கிக்குள்ள ஈரம், டயர் பம்ப் எல்லாம் பாத்துட்டு தான் கையெழுத்து.

முதல் ஆயிரம் கிலோமீட்டர் இஞ்சின முறுக்காதீங்க. கொழும்புல இருந்து மேல கொண்டு வர்றப்ப கடுகண்ணாவை ஏத்தத்துல உயர்ந்த கியர்ல போட்டு இஞ்சின தெணற விடாம, கியர எறக்கி அளவா ஏத்துங்க. மச்சான் காலைல அஞ்சு மணிக்கு கெளம்புனான், கம்பளைல டீ குடிச்சான், ரம்பொடைல மழை. வளைவுல உள் சக்கரம் ஒரு தரம் கூட சுத்தலயாம், வீட்டுக்கு வந்ததும் மொதல்ல அத தான் சொன்னான்.